நாற்பத்தொரு கேசட்டும் ஒரு நீல அட்டையும்

என் அக்கா எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தாறு வருடமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை. ஈயத் தகடு வைத்த கனமான கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் சொல்கிறாள். நீ ஒரு நாள் விடச் சொல்ல மறந்தால் ஊரில் பாதிப் பேர் மூச்சடைத்தே போய்விடுவார்கள் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். சிரிக்கத் தெரியாதவள் இல்லை. என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்று ஏதோ சபதம் போல வைத்திருக்கிறாள்.

அடிபட்டு வருகிறவர்கள் சொல்லும் கதையை எதிர்த்துப் பேச மாட்டாள். குளியலறையில் வழுக்கிவிட்டது, மாடிப்படியில் கால் இடறியது, கதவு இடுக்கில் கை மாட்டிக்கொண்டது என்பார்கள். சரி, கையை இப்படி வையுங்கள் என்பாள். படம் திரையில் வந்ததும் ஒரு நொடி பார்ப்பாள். விழுந்தால் எலும்பு உடைகிற இடம் வேறு, அடி வாங்கினால் உடைகிற இடம் வேறு. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் வேலை. இவள் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

அக்காவின் இடது கை முழுதாகத் திரும்பாது. உள்ளங்கையை மேலே காட்டச் சொன்னால் முக்கால்வாசிதான் வரும். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள் என்பது வீட்டுக் கதை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், ஒரு வீட்டில் இருந்து பார்த்தாயிற்று, போதும் என்பாள். நான் அதைக் குசும்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்ய, எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை; கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், குளிர்ந்துபோவேன். பன்னிரண்டு நாளாக என் மனைவியும் ஆறு வயது மகளும் அக்கா வீட்டில் இருந்தார்கள். சின்னச் சண்டை. எந்த வீட்டில் இல்லை? நான் வேலை செய்துகொண்டிருந்தபோது அவள் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். மூன்று மணி நேர வேலை போயே போய்விட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை நீட்டிவிட்டேன். அவள் பின்னால் நகர்ந்ததில் கால் தடுக்கி விழுந்து கையைச் சுளுக்கிக்கொண்டாள். இப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் நாலு பேரை வைத்துப் பேசி அழைத்து வந்திருப்பேன். என் சொந்த அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் நான் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? போன் செய்தால் அக்காதான் எடுத்தாள். இப்போது வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அவர்களை அழைத்து வர என்னிடம் ஒன்றுதான் இருந்தது. என் படம்.

எங்கள் அப்பா கேமரா மெக்கானிக். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நாளெல்லாம் கடுகளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவர். தெருவில் அவருக்குத் 'திருகாணி' என்றே பெயர். பழுது பார்த்த வீடியோ கேமராக்களைச் சரியாக ஓடுகிறதா என்று வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களை வைத்துச் சோதிப்பார். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்தொரு கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் கையெழுத்தில் எண்ணும் தேதியும் இருக்கும். எனக்கு அப்போது ஐந்து வயது, அக்காவுக்குப் பதினொன்று. அதில் தொடங்கி மூன்று வருடம். அம்மா முதலில் போனாள். நாலு வருடம் முன்பு அப்பாவும் போன பிறகு, கேசட் பெட்டி என்னிடம் வந்தது.

பார்த்தேன், கிறங்கிவிட்டேன். பூங்கா, ஏரியில் படகு, என் பிறந்தநாள், மொட்டை மாடியில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது. எல்லாவற்றிலும் வெயில் தேன் போல வழிந்தது. இந்தப் பொன்னிறம் இப்போதைய கேமராவில் வராது என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் அடுத்தவன் சிரிப்பை வெட்டி ஒட்டிச் சலித்தவனுக்கு, சொந்த வீட்டுச் சிரிப்பு பெட்டி நிறையக் கிடைத்தால் விடுவேனா? நாட்குறிப்பு எழுதுவது போல, தேதி தேதியாக, என் குரலில் ஞாபகங்களைச் சொல்லி ஒரு படம் செய்ய ஆரம்பித்தேன்.

கேமராவுக்கு எது வெள்ளை என்று முதலில் காட்ட வேண்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தை அதன் முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அதை வைத்து மற்ற நிறங்களை அது கணக்கிட்டுக்கொள்ளும். எங்கள் தொழிலில் பால பாடம். அப்பா அம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்து முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்வார். நிறத்தைச் சரிசெய்துவிட்டுக் கேமராவை அக்காவிடம் கொடுப்பார், தான் படத்துக்குள் இருக்க வேண்டும் என்று. அதனால் ஒவ்வொரு கேசட்டும் பளிச்சென்ற வெள்ளைக் காகிதத்தில் தொடங்கும். அது மெல்ல இறங்கும். அம்மாவின் முகம் வரும். என் படத்தையும் அப்படித்தான் தொடங்கியிருந்தேன்.

இருபத்து மூன்றாம் கேசட்டில் படம் முழுக்க ஆடும். பதினொரு நிமிடம். அந்த நடுக்கம்தான் உயிரோட்டம் என்று அப்படியே வைத்திருந்தேன். கேசட்டில் இல்லாத ஒரு ஞாபகத்தையும் சொல்லியிருந்தேன், எனக்கு மிகவும் பிடித்தது அது. சில சனிக்கிழமைகளில் கடை சாத்தி அப்பா வந்ததும், அக்கா என்னைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டி, ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கதவைச் சாத்துவாள். துவைத்த துணி வாசனை, காது நிறையப் பாட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

இதை அக்காவிடம் போட்டுக் காட்டினால் மனம் இளகுவாள், நாம் எப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்று என் மனைவிக்கும் எடுத்துச் சொல்வாள், சாயங்காலத்துக்குள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். அவளுக்கு விடுமுறையான ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள், பிள்ளை தூங்குகிறது, சத்தம் போடாதே என்றாள். முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சமையலறையில் என் மனைவி இருப்பது தெரிந்தது; பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் காதிலும் விழட்டும் என்று ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன்.

அக்கா நாற்பது நிமிடமும் அசையாமல் பார்த்தாள். எக்ஸ்ரே திரையைப் பார்ப்பாளே, அதே முகம். அலமாரி ஞாபகம் வந்தபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முடிந்ததும், முதல் காட்சியைத் திரும்பக் காட்டச் சொன்னாள். நிறுத்தினேன்.

"அந்தக் காகிதம் என்ன கலர்?"

வெள்ளை என்றேன். கண் தெரியவில்லையா என்று ஒரு நக்கலும் சேர்த்தேன்.

"நீலம்டா. என்னோட கணக்கு நோட்டு அட்டை. கிழிச்சது நான்தான், கிழிக்கச் சொன்னது அவரு."

மற்றவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் ஆகும். எனக்கு நொடியில் புரிந்தது. வெளிர்நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொல்லிவிட்டால் கேமரா நம்பிவிடும். எல்லாவற்றிலும் நீலத்தைக் குறைத்து மஞ்சளை ஏற்றிவிடும். அட்டை வெள்ளையாகத் தெரியும், வெயில் பொன்னாகும், முகம் தங்கமாகும். கன்றிப்போன தோலில் நீலம் இருந்தால் அதுவும் மங்கிப்போகும். என் அப்பா கெட்டிக்காரர், சும்மா சொல்லக் கூடாது.

"நீ நிறம் சரி பண்றவன்தானே? பண்ணு," என்றாள் அக்கா.

பண்ணினேன். மஞ்சளை இறக்க இறக்க, அட்டை நீலமானது. அட்டை கீழே இறங்கியது. அம்மாவின் இடது கண்ணுக்குக் கீழே கருநீலம். தாடையில் ஒன்று. கழுத்தில் நாலு விரல் தனித்தனியாக. நான் முப்பது தடவையாவது பார்த்து, அழகு என்று சொன்ன முகம் அது. இன்னொரு கேசட்டைத் திறந்து இறக்கினேன். இன்னொன்று. ஒன்றில்கூட அம்மா வலது பக்கமும் இடது பக்கமும் சேர்ந்து தெரிய நேராகப் பார்க்கவில்லை. அக்காவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து, அம்மா, இந்தப் பக்கம் திரும்பும்மா என்கிறது. அதையும்தான் முப்பது தடவை கேட்டிருக்கிறேன்.

அக்கா பேப்பர் எதுவும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். ஏழாம் கேசட், ஏரிப் படகு. முந்தின நாள் அம்மா வாடிக்கையாளர் லென்ஸை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். அப்பா முடியைப் பிடித்து அவள் முகத்தை வேலை மேஜையில் மோதினார். மோதின மோதலில் திருகாணிகள் எகிறித் தரையெல்லாம் சிதறின. பிறகு அம்மாவையே மண்டியிட வைத்துப் பொறுக்கச் சொன்னார். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட அவள் பொறுக்கினாள். ஒன்று குறைந்தது, அதற்குத் தனியாக ஒரு உதை.

பதினாறாம் கேசட், என் பிறந்தநாள். முந்தின நாள் ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாகவே அம்மாவின் தொடையில் வைத்து எடுத்தார். மறுநாள் படத்தில் நான் ஓடிவந்து அம்மா மடியில் தொப்பென்று உட்காருகிறேன். அம்மா வாயை அகலத் திறக்கிறாள். சிரிக்கிறாள் என்று நினைத்து அந்த இடத்தில் நான் புல்லாங்குழல் போட்டிருந்தேன்.

எல்லாமே முந்தின நாளா என்று கேட்டேன்.

"அடிக்காத வாரத்துல கேமராவே வெளிய வராதுடா. அடிச்ச மறுநாள் அவருக்கு மனசு கேக்காது. புதுத் துணி போடச் சொல்லுவாரு, எங்கயாவது கூட்டிட்டுப் போவாரு, சிரிங்கம்பாரு. நாப்பத்தொரு கேசட்னா நாப்பத்தொரு தடவை. உன்னை நான் அலமாரியில வெச்சுப் பாட்டுப் போட்டுடுவேன். நீ பாட்டை ஞாபகம் வெச்சிருக்க. இருக்கட்டும், அதுக்குத்தான வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, வந்துவிட்டது. இத்தனை வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கத்திக்கொண்டே கையை ஓங்கி மேஜையில் அறைந்தேன். சமையலறையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. அக்கா மேஜையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை; சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டு எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

இரண்டும் முன்கை. ஒன்று பழசு, ஓரமெல்லாம் பழுப்பேறியது. இன்னொன்று புத்தம் புதிது. பழையதில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் நடுவே ஒரு முடிச்சு, உடைந்து கோணலாகச் சேர்ந்தது. புதியதில் அதே எலும்பில், கிட்டத்தட்ட அதே இடத்தில், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"பழசு என்னுது. வேலை கத்துக்கப் போன முதல் மாசம் நானே எடுத்துப் பார்த்தது. விழுந்தா மணிக்கட்டுல உடையும். தலைக்கு மேல கையைத் தூக்கித் தடுத்தா இங்க உடையும். இருபத்து மூணாவது கேசட்டுக்கு முந்தின நாள் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவுல போய் நின்னேன். கேமரா ஸ்டாண்டால அடிச்சாரு. மறுநாள் ஒத்தைக் கையில கேமரா. அதான் உன்னோட உயிரோட்டம்."

புதியது யாருடையது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்பு என் மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று அக்காவுக்கு வேலை நேரம் இல்லை என்று நினைத்துப் போயிருக்கிறாள். கனமான கதவு திறந்ததும் உள்ளே நாத்தனார். குளியலறையில் வழுக்கிவிட்டது அண்ணி என்றாளாம். சரி, கையை இப்படி வை என்று அக்கா படம் எடுத்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, அடுத்த ஆளைக் கூப்பிடாமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் சொன்னது பொய். அவள் தடுக்கி விழவில்லை. மேஜை ஓரத்தில் கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்டு சாய்ந்திருந்தது, அலுமினியம். அதை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடி தலைக்கு இறங்கியது, அவள் கையைத் தூக்கினாள். சத்தம் கேட்டது எனக்கு. ஒரு விறகுக் குச்சி ஒடிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு அடி அடித்தேன். பிள்ளை கதவருகே நின்றுகொண்டிருந்தாள். என் வீட்டில் அவளை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்த ஒரு அக்கா இல்லை.

இதை அன்று அக்காவிடம் சொன்னேன். சொல்லி அழுதேன். அழுதால் அவள் தோளில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் வைக்கவில்லை. நான் அப்பா மாதிரி ஆக மாட்டேன், இனிமேல் கையை வைக்க மாட்டேன், இப்போதே அழைத்துப் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அப்பாவும் மறுநாள் மறுநாள் இதைத்தான் சொன்னார் என்றாள்.

அந்தச் சத்தத்தில் என் மகள் எழுந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள், முடி கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு. பன்னிரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன். சமையலறையிலிருந்து என் மனைவியும் அவளை வாரிக்கொள்ள வெளியே வந்தாள், கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் துணியில். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இதைப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பழக்க தோஷம். கண்ணீரோடு போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் நான் செய்கிற வேலை அது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, சிரிக்கச் சொல்லி. என் போன் நிறைய அவைதான்.

பிள்ளை போனைப் பார்த்தாள். தூக்கக் கலக்கம் போய்விட்டது. தன் அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. அப்பா வீடியோ எடுக்கறாங்க."

என் மனைவி திரும்பிக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. கட்டுப் போட்ட கை உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்தது, நல்ல பக்கம் கேமராவுக்கு வந்தது. பிள்ளை எனக்காகச் சிரித்தாள்.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். திரும்பாத கையால் முகத்தைத் துடைக்கத் தெரியாமல் துடைத்தாள். "போடா தம்பி," என்றாள். "வீட்டுக்குப் போ."

லேப்டாப்பை மூடிக்கொண்டு போனேன். பிள்ளையைத் தொடவில்லை.

அதன் பிறகு ஏழு மாதம் ஆகிறது. படத்திலிருந்து என் குரலை எடுத்துவிட்டேன். புல்லாங்குழலையும் எடுத்துவிட்டேன். அக்காவிடம் உன் குரல் வேண்டும் என்று கேட்டு அனுப்பினேன்; மூன்று வாரம் பதில் இல்லை, பிறகு வரச் சொன்னாள். அவளுடைய எக்ஸ்ரே அறையில், சாப்பாட்டு நேரத்தில், அந்தக் கனமான கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். வெளிச் சத்தம் ஒன்றும் வராது. கேசட் எண், தேதி, முந்தின நாள் நடந்தது, அவ்வளவுதான் சொன்னாள். ஒவ்வொரு தேதிக்கு முன்னாலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முப்பதாவது கேசட்டில் ஒரு தடவை நிறுத்தி, இருமிவிட்டுத் தொடர்ந்தாள். நாற்பத்தொன்றும் சொல்லி முடிக்க ஆறு மத்தியானம் ஆயிற்று.

அன்று என் போனில் பதிவான ஒன்பது வினாடியை அழிக்கட்டுமா என்று அக்கா மூலமாக என் மனைவியிடம் கேட்டேன். நேரில் பேச எனக்கு அனுமதி இல்லை. அவள் சொன்னதை அக்கா அப்படியே சொன்னாள்.

"அழிக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணி. படத்துல கடைசியாப் போடச் சொல்லுங்க. நாப்பத்திரண்டாவது கேசட்னு நம்பர் போட்டு, தேதி போட்டு, முந்தி என்ன நடந்ததுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன், என் குரலில், மூன்று அடியையும் எண்ணி. அந்த ஒன்பது வினாடியின் நிறத்தை நான் மாற்றவில்லை. அவர்கள் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார்கள்.